கடைமடைக்கு வந்த மின்சாரம்
அணுவா, காற்றும் கதிரவனுமா? நன்னிலத்திலிருந்து ஒரு பார்வை

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் ரயிலில் ஏறுங்கள். பேரளம், பூந்தோட்டம் ஆகிய நிலையங்களைக் கடந்தால் நன்னிலம் வரும். சன்னல் வழியே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்தான். குன்று கிடையாது, மேடு கிடையாது. அரசலாறு, முடிகொண்டான், திருமலைராசன் என்று காவிரியின் கிளைகள் பல பிரிந்து, வாய்க்காலாகி, வாய்க்காலும் கன்னியாகி, கடைசியில் வயலுக்குள் மறைந்துபோகும் நிலப்பரப்பு இது. இப்படித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தைக் கடைமடை என்பது உழவர் வழக்கு. மேட்டூரில் மதகு திறந்து பல நாள் கழித்தே இங்கே வாய்க்கால் நனையும். மேலே யாராவது கூடுதலாகப் பாய்ச்சிக்கொண்டால் இங்கே குறையும்.

மின்சாரத்துக்கும் இப்படி ஒரு கடைமடை உண்டு என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். மின் நிலையம் எங்கோ இருக்கிறது. கம்பி நீண்டு நீண்டு வருகிறது. அதன் கோடியில் இருப்பவர் மோட்டாரை முடுக்கும்போது அழுத்தம் போதாமல் அது உறுமிக்கொண்டு நிற்கிறது. எனவே, ஒரு நாடு அணுமின்சாரத்தை மேற்கொள்ள வேண்டுமா, அல்லது காற்று, கதிரவன், நீர் போன்ற வற்றாத ஆற்றல்களை நம்பியிருக்கலாமா என்ற பெரிய கேள்வியைக் கடைமடையில் நின்றுகொண்டு கேட்டுப் பார்ப்போம். இந்தக் கேள்வியைப் பட்டிமன்றமாக நடத்துவது நம்மவருக்குப் பிடிக்கும். இந்த அணி மூன்று பேர், அந்த அணி மூன்று பேர், நடுவர் தீர்ப்பு! வரலாறு அப்படித் தீர்ப்புச் சொல்லி முடிவதில்லை. தமிழகத்தில் எந்த ஆற்றல் எப்போது, என்ன காரணத்தால் வந்தது என்று பார்த்தால் விடையில் பாதி தானே விளங்கும்.

மேட்டூர் தந்த முதல் வெளிச்சம்

தமிழகத்தில் பெரிய அளவில் மின்சாரம் பிறந்தது நீரிலிருந்துதான். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சென்னை மாகாண அரசில் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி. பி. இராமசாமி ஐயர் காட்டிய பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம். இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவார்கள் என்று அந்நாளில் ஐயம் எழுப்பியவர்களும் உண்டு! கோவையின் பஞ்சாலைகள் அந்த ஐயத்தை விரைவில் தீர்த்துவைத்தன.

அடுத்து வந்தது மேட்டூர். 1925இல் தொடங்கிய அணைக்கட்டுப் பணி 1934இல் முடிந்தது. 120 அடி உயரத்துக்கு நீர் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளும் இந்த அணை தஞ்சை நெல்லுக்காகக் கட்டப்பட்டது. மின்சாரம் அதன் உடன்பிறப்பு மட்டுமே. 1937இல் அணையை ஒட்டிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1960களின் நடுவில் 200 மெகாவாட் திறனுள்ள சுரங்க மின் நிலையமும் சேர்ந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். மேட்டூரில் மின்சாரம் வேண்டும் என்பதற்காக மதகைத் திறப்பதில்லை. வயலுக்கு நீர் வேண்டும்போதுதான் திறக்கிறார்கள். அப்படி இறங்கும் நீர் போகிற போக்கில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. ஜூன் 12 என்பது வழக்கமான திறப்பு நாள். ஜனவரி 28 வழக்கமான மூடும் நாள். இடைப்பட்ட கோடையில் மதகு மூடிக் கிடக்கும். மின் நிலையமும் ஏறக்குறைய உறங்கும். நன்னிலத்துக்காரருக்கு நீர் வரும் காலம்தான் மேட்டூருக்கு மின்சாரக் காலம். காவிரியின் மீது முதல் உரிமை நெல்லுக்கு. விளக்குக்கு இரண்டாம் உரிமைதான்.

ஒரு சிறு கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி; எடையில் 2 கோடியே 83 லட்சம் டன். அணை நிரம்பியிருக்கும்போது அத்தனை நீரும் 120 அடி இறங்கினால், இயந்திர இழப்புகள் போக, ஏறக்குறைய 24 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நிலக்கரி இல்லாத நாடு

விடுதலைக்குப் பின் மின் தேவை பெருகியது. 1957இல் மாநில மின்வாரியம் அமைந்தது. பெரியாறு, குந்தா என நீர்மின் திட்டங்கள் வரிசையாக வந்தன. குந்தாவுக்குக் கனடா நாடு உதவியது. அதே கனடா அணு உலைக் கதையிலும் வரப்போகிறது. ஆனால் நல்ல நீர்வீழ்ச்சிகள் எண்ணிக்கையில் குறைவு. 1960களிலேயே அவற்றில் பெரும்பாலானவை பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. மேலும் மழை பொய்த்தால் மின்வெட்டு என்ற நிலைமை. மழையும் மின்சாரமும் சேர்ந்தே பொய்த்தால் உழவர் யாரிடம் போவார்?

நிலக்கரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் வங்கத்திலும் அன்றைய பீகாரிலும். தமிழகத்துக்கு அது 1,500 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வர வேண்டும். சுரங்கத்து வாயிலில் மலிவாக இருக்கும் கரி, சென்னை வந்து சேருவதற்குள் விலை கூடிவிடும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஒரு வரப்பிரசாதம். 1956இல் அதற்கென நிறுவனம் அமைந்தது. 1962இல் மின்சாரம் வரத் தொடங்கியது. டெல்டாவுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் நெய்வேலிதான் இப்பகுதிக்குப் பல ஆண்டுகள் பெருந்துணையாக நின்றது. என்றாலும் நெய்வேலி ஒன்றே போதாது.

இந்தச் சூழ்நிலையில்தான் டாக்டர் ஹோமி பாபாவின் வாதம் தமிழகத்துக்குப் பொருந்தி வந்தது. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெகு தொலைவில் உள்ள பகுதிகளில் அணுமின்சாரம் விலையில் போட்டியிட முடியும் என்பது அவர் கூறிய கருத்து. காரணம் எளியது. எரிபொருளின் எடையைப் பாருங்கள். நம் கன நீர் உலைகளில் ஒரு கிலோகிராம் இயற்கை யுரேனியத்திலிருந்து ஏறக்குறைய 45,000 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். அதே மின்சாரத்துக்கு நம் நாட்டு நிலக்கரி 30 டன்னுக்கு மேல் வேண்டும். முப்பது டன்னை 1,500 கிலோமீட்டர் இழுப்பதா, ஒரு கிலோவைக் கொண்டுவருவதா? தமிழகக் கடலோரத்துக்கு அணு வந்தது முதலில் ஒரு போக்குவரத்துக் கணக்கால்தான். நாட்டுப் பெருமை, அறிவியல் வேட்கை ஆகியவையும் இருந்தன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அடிப்படைக் கணக்கு இதுவே.

கல்பாக்கம்

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971 வாக்கில் முதல் உலையின் கட்டுமானம் தொடங்கியது. இந்தியா அப்போது ராஜஸ்தானில் கனடாவின் துணையோடு இதே வகை உலைகளைக் கட்டிக்கொண்டிருந்தது. 1974 மே 18இல் பொக்ரானில் அணுச்சோதனை நடந்தது. கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது. அதன்பின் நம் பொறியாளர்களே வடிவமைத்து, நம் தொழிற்சாலைகளே பாகங்களைச் செய்து உலையைக் கட்டி முடிக்க வேண்டியதாயிற்று. தூத்துக்குடியில் கன நீர் ஆலை 1978இல் இயங்கத் தொடங்கியது. கல்பாக்கத்தின் முதல் உலையில் 1983 ஜூலையில் தொடர்வினை தொடங்கியது. 1984 ஜனவரியில் வணிக முறையில் மின்சாரம் வந்தது. இரண்டாவது உலை 1986இல் சேர்ந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்த வேலை இது. குறை கூறுபவர்கள் காலதாமதத்தைச் சுட்டுவார்கள். போற்றுபவர்கள் சொந்தக் காலில் நின்றதைச் சுட்டுவார்கள். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

அதன்பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1989இல் உலைக்குள் கன நீரை உள்ளே செலுத்தும் பகுதிகள் உடைந்து பழுதாயின. 220 மெகாவாட்டாக இருந்த ஒவ்வோர் உலையின் திறனும் 170ஆகக் குறைக்கப்பட்டது. 2002க்கும் 2005க்கும் இடையில் குழாய்களை மாற்றிய பிறகுதான் பழைய திறன் திரும்பியது. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டில் யுரேனியமே போதாமல் உலைகளைக் குறைந்த திறனில் ஓட்ட நேர்ந்தது. 2018இல் நிறுத்தப்பட்ட முதல் உலை ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. அணு உலை இரவு பகல் பாராமல் ஓடும் என்பது சரிதான். ஆனால் அது நின்றுவிட்டால் ஒரு பொழுது நிற்பதில்லை, ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இந்தக் குணத்தை எந்தப் பட்டிமன்றத்திலும் யாரும் போதிய அளவு பேசி நான் கேட்டதில்லை.

பாபா வகுத்த திட்டம் மூன்று கட்டங்கள் கொண்டது. முதலில் இயற்கை யுரேனிய உலைகள். அவற்றிலிருந்து கிடைக்கும் புளூட்டோனியத்தைக் கொண்டு ஈனுலைகள். முடிவில் கன்னியாகுமரி, கேரளக் கடற்கரை மணலில் கிடைக்கும் தோரியம். இரண்டாம் கட்டத்துக்கான சிறிய சோதனை ஈனுலை கல்பாக்கத்திலேயே 1985இல் இயங்கத் தொடங்கியது. 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. 2010 வாக்கில் முடிய வேண்டிய அதன் உலை மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. நம் மணலில் உள்ள தோரியம் விளக்கெரிக்கும் நாள் இன்னும் தொலைவில் இருக்கிறது என்பதே நேர்மையான விடை.

வயலில் ஒரு மோட்டார்

இனி நன்னிலத்துக்குத் திரும்புவோம். ஆற்றுப் பாசனத்தில் வாழ்ந்த டெல்டாவுக்கு மோட்டார் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கோவையிலும் சேலத்திலும் கிணற்றுக்குக் கிணறு மின் இறவை ஓடியபோது இங்கே மடை திறந்தால் போதும். அந்த நிலைமை 1970களில் மாறத் தொடங்கியது. 1924இல் ஏற்பட்ட காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டுக் காலம் 1974இல் முடிந்தது. கர்நாடகத்தில் ஹேமாவதி, கபினி அணைகள் எழுந்தன. ஜூன் 12 என்ற நாள் நிச்சயமற்றதாயிற்று.

குறுவை சாகுபடி செய்பவருக்கு ஜூன் மாதம் உயிர்நாடி. அதற்குள் நாற்றங்கால் விட்டாக வேண்டும். தாமதமானால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். எனவே உழவர்கள் நிலத்தடி நீரை நாடினார்கள். ஆற்று மணல் படுகையில் குழாய் இறக்கி எடுக்கும் ‘ஃபில்டர் பாயிண்ட்’ கிணறுகள் டெல்டாவெங்கும் பரவின. கடலை நெருங்க நெருங்க அந்த நீரில் உப்புக் கலக்கும் என்பது தனிக் கவலை. 1984இல் சிறு உழவர்களுக்கும் 1990இல் எல்லா உழவர்களுக்கும் தமிழக அரசு வேளாண் மின்சாரத்தை இலவசமாக்கியது. காவிரி வராத நாளில் கம்பி வழியே காவிரி வர வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று.

2012ஐ மறக்க முடியாது. அவ்வாண்டு ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தது. தமிழகம் முழுவதும் கடுமையான மின்வெட்டு. டெல்டாவில் குறுவையைக் காக்க நாளொன்றுக்கு 12 மணி நேரம் மும்முனை மின்சாரம் தருவதாக அரசு ஒரு தனித் திட்டமே அறிவித்தது. இரவெல்லாம் மோட்டார் கொட்டகையில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காத்திருந்து, மின்சாரம் வந்ததும் எழுந்து ஓடிய கதையை அக்காலத்து உழவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். நீருக்கும் மின்சாரத்துக்கும் ஒரே ஆண்டில் பஞ்சம் வந்தால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ட ஆண்டு அது. அப்போது கூடங்குளத்தின் முதல் உலை கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. தென் மாநில மின்தொடர் நாட்டின் பிற பகுதிகளோடு முழுமையாக இணையவும் இல்லை. அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31இல்தான் நிகழ்ந்தது.

இடையில் டெல்டாவின் காலடியிலேயே ஓர் ஆற்றல் கண்டுபிடிக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். 1980களில் நரிமணத்தில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தன. நன்னிலம் பகுதியிலும் எரிவாயு இருக்கிறது. இதை எரித்து மின்சாரம் தரும் நிலையங்கள் திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் ஏறக்குறைய 100 மெகாவாட் அளவில் அமைந்தன. ஆனால் வயலைத் துளைத்து எடுக்கும் ஆற்றல் இது, தீர்ந்துபோகும் ஆற்றலும்கூட. எதிர்ப்பு வலுத்தது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. சோறு போடும் நிலத்தை ஆற்றலுக்காக எவ்வளவு கொடுக்கலாம் என்பது கடைமடைக்காரரின் முதல் கேள்வி. கதிரவனைப் பற்றிப் பேசும்போதும் அது எழும்.

காற்றுக் கணக்கு

தமிழகத்தில் காற்றாலைகள் 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கின. ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனுள்ள பொறிகள். இன்று நிறுவப்படும் பொறி ஒன்றே அவற்றில் நாற்பதுக்குச் சமம். ஆரல்வாய்மொழிக் கணவாயும் பாலக்காட்டுக் கணவாயும் காற்றைப் புனல்போல் குவித்துத் தருவதால் முப்பந்தல், உடுமலை ஆகிய பகுதிகளில் அவை காடாகப் பெருகின. தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

பத்தாயிரம் என்றதும் மயங்கிவிட வேண்டாம். காற்று எப்போதும் வீசாது. ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் நிறுவிய திறனில் ஆறிலோ ஏழிலோ ஒரு பங்குதான் தேறும். ஏறக்குறைய 1,200 முதல் 1,400 கோடி யூனிட். கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் உலைகள் ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு நேரம் முழுத்திறனில் ஓடினால் 1,400 கோடி யூனிட் தரும். அதாவது பத்தாயிரம் மெகாவாட் காற்றும் இரண்டாயிரம் மெகாவாட் அணுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு!

இப்போது மேட்டூர்க் கணக்கை எடுங்கள். ஆயிரம் மெகாவாட் அணு உலை ஒன்று ஒரு நாளில் தருவது 2 கோடியே 40 லட்சம் யூனிட். ஒரு டி.எம்.சி. நீர் தருவது 24 லட்சம். ஆகவே ஓர் உலையின் ஒரு நாள் மின்சாரத்துக்கு மேட்டூரில் பத்து டி.எம்.சி. இறங்க வேண்டும். டெல்டாவுக்கு ஏறக்குறைய பத்து நாள் திறந்துவிடும் நீர் அது. அணுவின் வலிமை இந்த ஒப்பீட்டில் நன்றாகத் தெரிகிறது.

ஆனால் ஆண்டுக் கணக்கோடு நிறுத்தினால் கடைமடைக்குப் பயன் இல்லை. மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும். காற்றாலைகளின் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. அது தென்மேற்குப் பருவக்காற்று. அதே காற்றுதான் குடகு மலையில் மழையைக் கொட்டி மேட்டூரை நிரப்புகிறது. மழை குறைந்து மேட்டூர் வற்றிய ஆண்டிலும் கணவாய்களில் காற்று வீசத் தவறுவதில்லை. குறுவைக்கு மோட்டார் ஓட வேண்டிய மாதங்கள் எவை? ஜூனும் ஜூலையும்! அம்மாதங்களில் தமிழகக் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தந்திருக்கின்றன. ஆயிரம் மெகாவாட் உலைகள் நான்கு முழுமூச்சாக ஓடுவதற்கு அது ஒப்பு. குறுவை நாற்றங்காலுக்குக் காற்றைவிடப் பொருத்தமான துணை கிடையாது என்பது என் கருத்து. கம்பி வசதி போதாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த நாட்களும் உண்டு என்பதை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

நவம்பரில் கதை மாறும். காற்று அடங்கும், சில நாட்களில் அந்த உச்ச அளவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வயலுக்குக் கவலையில்லை, சம்பாவுக்கு மழை பெய்கிறது. ஆனால் வீட்டுக்கும் ஆலைக்கும் மருத்துவமனைக்கும் மின்சாரம் வேண்டுமே? அங்கேதான் ஓயாமல் ஓடும் நிலையத்தின் அருமை தெரியும்.

கதிரவனும் உமியும்

கதிரவ மின்பலகை ஒரு கிலோவாட் அளவுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. கூடங்குளத்தின் ஓர் உலை தரும் 700 கோடி யூனிட்டைக் கதிரவனிடமிருந்து பெற ஏறக்குறைய 20,000 ஏக்கர் வேண்டியிருக்கும். கமுதியின் வறண்ட நிலத்தில் இது பெரிய இழப்பன்று. நன்னிலத்தில் ஒரு மெகாவாட்டுக்காகக்கூட நான் ஐந்து ஏக்கர் வயலைக் கேட்க மாட்டேன். இங்கே கதிரவனுக்கு இடம் கூரையிலும் நெல் சேமிப்புக் கிடங்கின் மேலும் உண்டு. குஜராத்தில் 2012இல் செய்து பார்த்ததுபோல் வாய்க்காலின் மேல்கூடப் பலகை பரப்பலாம்.

நெல்லிலேயே ஆற்றல் இல்லையா என்று கேட்கும் மாணவருக்காக ஒரு கணக்கு. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்தால் 400 கிலோ உமி. ஒன்றரைக் கிலோ உமிக்கு ஒரு யூனிட் என்று கொண்டால் ஏறக்குறைய 270 யூனிட். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு நாலரை யூனிட் இழுக்கும். ஆக அந்த உமி அறுபது மணி நேரம் மோட்டார் ஓட்டும். மோசமில்லை! ஆனால் நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசியாக்கும் ஆலைகள் அந்த உமியைத்தானே எரிக்கின்றன.

அச்சமும் காலமும்

2004 டிசம்பர் 26 காலையில் எழுந்த ஆழிப்பேரலையை டெல்டா மறக்காது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று கல்பாக்கத்திலும் கடல் ஏறியது. பழுதுபார்ப்பில் இருந்த முதல் உலை ஓடவில்லை. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை, நீரேற்றும் கூடத்தில் கடல்நீர் புகுந்ததும் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கக் கசிவு இல்லை. அருகிலுள்ள குடியிருப்பில்தான் உயிர்கள் போயின. ஆனால் 2011 மார்ச் 11இல் ஜப்பானின் புகுஷிமாவில் அதே போன்ற அலை வேறு முடிவைத் தந்தது. உலைகள் நின்றபின்னும் எரிபொருள் தொடர்ந்து வெப்பத்தை உமிழும். அதைக் குளிர்விக்கும் இறவைகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனதே அங்கே விபத்துக்குக் காரணம். அணுமின் நிலையத்துக்கே மின்சாரம் இல்லாமல் போவது என்ன விந்தை!

அவ்வாண்டு இடிந்தகரையில் மீனவ மக்கள் திரண்டெழுந்ததை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும். அலையைக் கண்ணால் கண்டவர்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது முறையன்று. 1988இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தமாகி, 2002இல் கட்டத் தொடங்கிய கூடங்குளம், உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் நிபந்தனைகளோடு அனுமதித்த பிறகு, அவ்வாண்டு ஜூலையில் இயங்கத் தொடங்கியது. 13,171 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட செலவு 17,270 கோடியாக உயர்ந்திருந்தது.

எரிந்த எரிபொருளின் கணக்கும் இருக்கிறது. அதில் உள்ள சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு. புளூட்டோனியம்-239க்கு 24,000 ஆண்டு. கல்லணையின் வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு என்பார்கள். அதுபோல் பன்னிரண்டு மடங்கு காலம்! இந்தியா புளூட்டோனியத்தைப் பிரித்து மீண்டும் எரிபொருளாக்கும் வழியைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. அது சுமையைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. கரிப்புகையும் ஆண்டுதோறும் உயிர்களை வாங்குகிறது என்பதைத் தராசின் மறுதட்டில் வைக்க மறக்கக் கூடாது. புகையால் வெப்பமேறிக் கடல் உயர்ந்தால் முதலில் உப்பேறும் வயல்கள் நன்னிலத்துக்குக் கிழக்கே உள்ளவைதாம்.

உலகம் இதில் ஒரே வழியில் செல்லவில்லை. ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் கடைசி மூன்று உலைகளையும் மூடியது. பக்கத்து நாடான பிரான்ஸ் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை அணுவிலிருந்தே எடுக்கிறது. அவரவர் நாட்டு நிலமும் கரியும் காற்றும் வேறு வேறு.

இனி

என் கருத்தைக் கேட்டால் சொல்கிறேன். நீங்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை. 1970களில் கல்பாக்கத்தைத் தேர்ந்தவர்கள் தவறு செய்யவில்லை. அன்று கதிரவ மின்பலகை செயற்கைக்கோளுக்கு ஏற்ற விலையில் இருந்தது. காற்றாலை என்றால் நீர் இறைக்கும் விசிறி. கரி தொலைவில், நீர் முடிந்துபோன நிலையில். இன்று அந்தக் கணக்கின் பல வரிகள் மாறிவிட்டன. கதிரவ மின்சாரம் மலிந்துவிட்டது. மூன்றாண்டில் ஒரு கதிரவ நிலையம் எழுப்பலாம். அணு உலைக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. எனவே இருக்கும் உலைகளைக் கவனத்தோடு ஓட்டி, புதிய முதலீட்டில் பெரும்பங்கைக் காற்றுக்கும் கதிரவனுக்கும், அவற்றைவிட முக்கியமாக ஆற்றலைச் சேமிப்பதற்கும் கொடுப்பதே தமிழகத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சேமிப்பு என்றதும் மின்கலம் மட்டும் என்று எண்ண வேண்டாம். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிகும்போது கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி, தட்டுப்படும்போது இறக்குகிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் அளவில் இன்னொன்றைக் கட்டும் பணி நடந்துவருகிறது. ஆனால் மேட்டூரை அப்படி மேலும் கீழுமாக ஏற்றி இறக்க இடமில்லை. அந்த நீருக்கு வேறு வேலை இருக்கிறது.

இன்னொரு சேமிப்பு உழவரின் கையிலேயே இருக்கிறது. மோட்டார் இரவில்தான் ஓட வேண்டும் என்று எந்த நெல்லும் கேட்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு ஓடினாலும் வயலில் அதே நீர்தான் நிற்கும். 2019இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டம் இந்த எண்ணத்தில் அமைந்தது. மோட்டார்களுக்குக் கதிரவ மின்சாரத்தைப் பகலிலேயே கொடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இரவில் வரப்பில் நடந்து பாம்பை மிதிக்க வேண்டிய அவசியமும் குறையும். ஆனால் மோட்டார் கொட்டகையிலிருந்து வீடு திரும்பும்போது மாலை ஏழு மணி ஆகியிருக்கும். கதிரவன் மறைந்திருப்பான். விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் ஒரே நேரத்தில் முடுக்கப்படும். அந்த நான்கு மணி நேரத்துக்கு நன்னிலத்துக்கு வரும் மின்சாரம் எங்கிருந்து புறப்பட வேண்டும்? இன்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான்.